பதினாறு வயசுல கேளுங்கக்கா

மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதைத் திறக்காமல், மகளைக் கூட்டிக்கொண்டு உப்பளத்தை ஒட்டிய மைதானத்துக்குப் போய்விடுவேன். அவளுக்கு அங்கே கால்பந்து பயிற்சி. ஆரம்பித்தபோது வயது பதினொன்று. கோச் ஒரு இளம்பெண். கடலோரக் குப்பத்தில் பிறந்து, கல்லூரி அணிவரை போய் ஆடியவள்.

அவள் பிள்ளைகளைப் பந்தை ஓங்கி உதைக்கவே விடமாட்டாள். மாதக்கணக்கில் ஒரே வேலைதான். பந்தை நிறுத்து, நிமிர்ந்து பார், பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளு. வலது கால் பழகியதும் இடது கால். பக்கத்து ஊர் பிரம்மதேசத்துப் பிள்ளைகளோடு ஆடிய முதல் மேட்சில், எங்கள் கோல்கீப்பர் சொல்லிக்கொடுத்தபடியே பந்தைத் தரையோடு உருட்டிவிட, எதிரணி அதைப் பிடுங்கிப் பிடுங்கி கோல் போட்டது.

"தூக்கி அடிக்கச் சொல்லும்மா!" என்று பெற்றோர்கள் கத்தினார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தோற்று வந்த பிள்ளைகளிடம், "நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க, சூப்பர்" என்றாள். அடுத்த வாரம் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

எனக்கும் பொறுக்கவில்லை. "ஏம்மா, இதுங்க எப்பதான் ஜெயிக்கும்?" என்றேன்.

"பதினாறு வயசுல கேளுங்கக்கா. இப்பவே ஜெயிக்கணும்னா, ஒசரமா இருக்கற பொண்ண முன்னாடி நிறுத்திப் பந்தத் தூக்கிப் போட்டா போதும். அப்புறம் அதுக்கு வேற எதுவும் வராது."

பதினாறா! என் வீட்டில் அவ்வளவு காலம் கிடையாது. என் கணவர் உப்பு லாரி ஓட்டுகிறார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் "வயசுக்கு வர்ற வரைக்கும் ஆடட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு கப் வந்துவிட்டால் அதைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். மகள் வளர வளர நான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

இதைக் கோச்சிடம் சொன்னேன். "எங்க வீட்லயும் அப்படித்தான்க்கா நிறுத்தப் பாத்தாங்க" என்றாள். "அதுக்காக அவசர அவசரமா கத்துக்குடுக்க எனக்குத் தெரியல."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த வருஷமே மகள் வயதுக்கு வந்தாள். சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு வந்த ஞாயிறு, விடிந்ததும் டிராக் பேன்ட் போட்டு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அவள் அப்பா.

"பிராக்டிஸுக்குப்பா."

"ஒரு கப்பு கூட வாங்கல. இன்னும் இன்னா கத்துக்குடுக்கறாங்க அங்க?"

"எடது கால்ல பந்த நிறுத்தறது. இப்பத்தாம்ப்பா வருது. உட்டா போயிடும்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளை. "வெயில் ஏறறதுக்குள்ள வந்துரு" என்று டீயைக் கையில் எடுத்தார்.

இப்போது அவளுக்குப் பதினாலு. ஒவ்வொரு சனிக்கிழமையும், நாளைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று படபடப்பாக இருக்கிறது. இதுவரை சொல்லவில்லை. மேட்சுகளில் சில சமயம் ஜெயிக்கிறார்கள். கோச் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாமல் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். போன வாரம் மகளே ஓடிவந்து, "அம்மா, நீ நடக்கறதப் பாத்தா எனக்கு டென்ஷனா இருக்குது, ஒரு எடத்துல நில்லு" என்றாள்.

நின்றேன், கொஞ்ச நேரம்.