பதினாலு இன்ச்சும் இரண்டு கைகளும்

பதினாலு இன்ச் டேப்லெட் எங்கள் கடைக்கு வந்து இறங்கிய அன்று அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது நான்தான். டேப் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அப்படியே எழுதுகிறேன். பூந்தமல்லி மெயின் ரோட்டில் இருக்கிற கடை. மொபைல் கவுண்டரில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். பட்டன் போன் விற்ற காலத்திலிருந்து பார்த்தும், இந்தப் பெரிய டேப் விஷயத்தில் இரண்டு தடவை தப்பு செய்தேன். இரண்டாவது தப்பால் பாரிவாக்கத்தில் ஒரு அம்மா தன் மகளோடு முழுசாகப் பேச முடியாமல் தவித்துப்போனார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கட்டிப்போட்ட டெமோ பீஸ்

எங்கள் கடையில் டெமோ பீஸை ஸ்டாண்டில் உட்காரவைத்து, முதுகில் அலாரம் வயரை ஒட்டிவிடுவோம். கொஞ்சம் தூக்கினாலே கீச்சென்று கத்தும். அதனால் யாரும் தூக்க மாட்டார்கள். நின்றபடியே விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, ஒரு நீர்வீழ்ச்சி வீடியோவை ஓடவிட்டிருப்போம்.

"எப்பா, இன்னா சைஸு! இது கீதுன்னா ஊட்டுக்கு டிவியே வாணாம் போல" என்பார்கள். நானும் "ஆமாண்ணா, தியேட்டர் மாதிரி இருக்கும்" என்பேன். பில் போட்டுவிடுவோம். முதல் மாதம் மேனேஜர் பாஸ்கர் சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

அடுத்த மாதம் வாங்கினவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். சென்னீர்குப்பம் அடுக்குமாடியில் இருக்கும் ஐ.டி. தம்பி, திருநெல்வேலிக்காரர், மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார். "படுத்துக்கிட்டே படம் பாத்தேன் மேடம். லேசா கண்ணசந்துட்டேன். அப்படியே மூஞ்சில விழுந்துட்டு" என்றார். நசரத்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். "ஸ்கூலுக்கு எடுத்துனு போலாம்னு வாங்குனேன். ஹேண்ட்பேக்ல நுழையவே மாட்டேங்குது. இப்ப அரிசி டப்பா மேல நிக்குது, அதுல சமையல்தான் பாக்குறேன்" என்றார்.

எனக்கு இது விசித்திரமாக இருந்தது. கடையில் அத்தனை ஆசையாகப் பார்த்ததை வீட்டுக்குப் போனதும் ஏன் திட்டுகிறார்கள்? ஒரு நாள் மத்தியானம் கடை காலியாக இருந்தபோது அலாரத்தை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் மணிக்கட்டு கடுத்தது. அத்தனை விற்ற பிறகுதான் நானே அதை முதல் தடவை பிடித்துப் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

2. டீ வருகிற வரைக்கும்

வயரைக் கழற்றலாமா என்று பாஸ்கர் சாரிடம் கேட்டேன்.

"எவனாவது தூக்கினு ஓடிட்டான்னா மேடம்?"

"இத தூக்கினு வேகமா ஓட முடியாது சார். ரெண்டு கையும் இதுக்கே சரியாப் பூடும்."

அவர் சிரித்துவிட்டு, "உங்க பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். பெரிய டேப் கேட்டு வருகிறவரை நாற்காலியில் உட்காரவைப்பேன். டெமோ பீஸைக் கையில் கொடுத்து, பக்கத்துக் கடைக்கு டீ சொல்லுவேன். டீ வருகிற வரைக்கும் அவர் அதைப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாதிப் பேர் டீ வருவதற்குள் மடியில் இறக்கிவிடுவார்கள். "பத்து இன்ச்சே காட்டும்மா" என்பார்கள். படம் வரைகிற பெண் ஒருத்தி மட்டும் மேஜைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெரியதைக் கொடுத்தேன்.

புகார் நின்றது. எனக்குத் தலைக்கனம் வந்தது. எந்த கஸ்டமருக்கு எது சரி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைக்க ஆரம்பித்தேன். நாளாக ஆக டீ சொல்வதுகூடக் குறைந்துபோனது. பெரியது என்று வாயெடுத்தாலே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

3. பாரிவாக்கத்து அண்ணாவும் அக்காவும்

ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் குமார் அண்ணா வந்தார். நசரத்பேட்டை குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கூட அவர் மனைவி தேவகி அக்கா. அக்கா நேராகப் பதினாலு இன்ச் முன்னால் போய் நின்றார்.

"பொண்ணு ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிருக்குதும்மா. ஹாஸ்டல்ல கீது. வீடியோ கால் பேசணும், அதுக்குத்தான்" என்றார் அண்ணா.

"அதுக்கு எதுக்குண்ணா இவ்ளோ பெருசு? கை கடுத்துரும். இந்த எட்டு இன்ச் எடுத்துக்குங்க, லேசா இருக்கும்."

"இல்லம்மா, இவ இன்னா சொல்றான்னா..."

"நான் சொல்றத கேளுங்கண்ணா. பெருசு வாங்குனவங்க கதையெல்லாம் எனக்குத் தெரியும்."

அண்ணா எட்டு இன்ச்சுக்கே பணம் கட்டினார். அக்கா பெரியதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நல்லது செய்தோம் என்ற திருப்தியில் நான் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை அக்காதான் பேசினார்.

"என் பொண்ணு ரேவதிக்குக் காது கேக்காதும்மா. கையாலதான் பேசும். நானும் அப்டித்தான் அதுங்கூட பேசுவேன். போன ஒரு கையில புடிச்சினா மிச்சம் ஒத்தக் கைதான். பாதிப் பேச்சுதான் பேச முடியுது. இத நிக்க வெச்சுட்டு கிட்ட ஒக்காந்தா, உன் கை தெர்ல அம்மான்றா. தள்ளி ஒக்காந்தா அவ வெரலு எனக்குத் தெர்ல. நாலு நாளா அவ அழுவுறா. சாப்டியான்னு கேக்க ஒத்தக் கை போதும்மா. ஏன் அழுவுறன்னு கேக்க ரெண்டு கையும் வேணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு அண்ணா இதைச் சொல்ல வந்தபோது நான்தான் பேச்சை வெட்டினேன். டீ சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை, எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"தப்பு என்னுதுக்கா" என்று சொல்லி நாற்காலியைப் போட்டேன். டெமோ பீஸில் அக்காவின் நம்பரை இணைத்து, கவுண்டரில் ஸ்டாண்டோடு நிற்கவைத்தேன். நாற்காலியை ஒரு கைத்தூரம் பின்னால் இழுத்தேன். ரேவதிக்கு ஷிப்ட் முடிந்திருந்தது. திரையில் வந்தாள். இடுப்பிலிருந்து தலை வரைக்கும் தெரிந்தாள், பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அக்காவின் இரண்டு கையும் மேலே எழுந்தன.

பின்னால் டிவி பிரிவில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அக்காவின் கை அத்தனை வேகமாக ஓடும் என்று நான் நினைக்கவில்லை. வாய் திறக்காத ஆள் என்று சனிக்கிழமை நினைத்திருந்தேன். ரேவதி முதலில் அழுதாள், பிறகு நீளமாக என்னவோ சொன்னாள்.

"இன்னா சொல்லுதுண்ணா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கே பாதிதான்மா புரியும். ரூம்ல கூட கீற மூணு பேரும் பேசிப் பேசி சிரிக்கிறாங்களாம். இன்னான்னு இதுக்குக் கைல காட்டி ஒருத்தரும் சொல்றதில்லியாம். இவ சொல்றா, நீயே மொதல்ல அவங்களுக்கு ரெண்டு சைகை கத்துக்குடுன்னு."

பாஸ்கர் சார் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்பது கடை ரூல். "சின்னத என் பேருக்கு மாத்திடுங்க சார், நான் எடுத்துக்கறேன். அவங்களுக்குப் பெருசு குடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "பில்லிங்ல சொல்றேன் மேடம்" என்று உள்ளே போனார்.

போன் வைப்பதற்கு முன்னால் ரேவதி என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். அக்கா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கி, நடுவில் கடுகளவு இடம் விட்டுக் காட்டினார். ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அதற்கு அண்ணா அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை. சின்னதை விற்றவள் இவள்தான் என்று எனக்கே புரிந்தது.

அந்த எட்டு இன்ச் இப்போது என் வீட்டில் இருக்கிறது. டேப் கேட்டு யார் வந்தாலும் எத்தனை இன்ச் என்று நான் கேட்பதில்லை. "அதப் பாக்கும்போது உங்க கை ரெண்டும் இன்னா பண்ணிகினு இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் முழிப்பார்கள், சிலர் யோசித்துப் பதில் சொல்வார்கள். மாவு பிசையும், தறி நெய்யும், குழந்தையைப் பிடிக்கும், தலையணைக்கு அடியில் இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். பதிலை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ஸ்டாக் ரூம் பக்கம் திரும்புகிறேன்.

போன பொங்கல் லீவில் ரேவதி வந்திருந்தாள். கூட ஹாஸ்டல் தோழி ஒருத்தி, காது கேட்கிறவள். கடை வாசலிலிருந்தே என்னைப் பார்த்து, ரேவதி அதே மாதிரி இரண்டு விரலை நெருக்கிக் காட்டினாள். பக்கத்தில் இருந்த தோழியும் தயங்காமல் அதே சைகையைக் காட்டினாள்.

"இன்னுமா அத மறக்கல?" என்று தேவகி அக்காவிடம் கேட்டேன்.

"எங்க ஊட்ல ஒவ்வொருத்தருக்கும் கையில ஒரு பேரு கீதும்மா. உனக்கு வெச்ச பேரு அது" என்றார்.