லூபோக் சீனா கோயிலில் கேட்ட பிரேசில் ராக்

கணவர் காலமான பிறகு எனக்குப் பக்தி முற்றிவிட்டது, நேர்த்திக்கடன் செலுத்த லூபோக் சீனா தோட்டத்துக் கோயிலுக்குப் போய்வந்தேன் என்று மலாக்காவில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். தவறு. நான் போனது பிரேசில் நாட்டு ராக் இசை கேட்க.

சென்ற வருடம், 1997இல், அந்த வழியாகப் பேருந்தில் போனபோது மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஒலித்தது. பால்டின்னுக்குள் மாட்டிய வண்டைப் போல ரீங்கரிக்கும் கித்தார். அதன் அடியில் ஆர்கன். தூக்கத்தில் நடப்பவனைப் போல ஒருவன் "அமன்யா, அமன்யா" என்று பாடிக்கொண்டிருந்தான். கான்வென்ட் பாடகர் குழுவில் ஆர்கனோடு வளர்ந்தவள் நான். அது இப்படியெல்லாம் மிதக்கும் என்று எனக்குத் தெரியாது. பேருந்து நகர்ந்துவிட்டது. பாட்டு என்னை விடவில்லை.

ஆகவே இந்த வருடத் திருவிழா அன்று காலை ஏழரை மணிப் பேருந்தில் மஸ்ஜித் தானா வரை போனேன். அங்கிருந்து வாடகைக் கார், ஆறு வெள்ளி. ஓட்டுநர் என்னிடம் படித்தவர்; "நேர்த்தியா டீச்சர்?" என்றார். "இல்லை, பாட்டு" என்றேன். அவர் நம்பவில்லை. வதந்தி அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

கோயிலில் அன்றும் அதே பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் மணியம், பகலில் லாரி ஓட்டுகிறவர். போர்ட் டிக்சன் பழைய சாமான் கடையில் சாமிப்பாட்டு இசைத்தட்டுகளோடு இந்தத் தட்டும் கலந்து கிடந்ததாம். உறை இல்லை. நடுவில் ஒட்டிய காகிதத்தில் பிரேசில் தயாரிப்பு, 1968 என்பது மட்டும் தெரிந்தது. குழுவின் பெயர் தேய்ந்திருந்தது. எப்படியும் அதை வாங்கிவிடுவது என்றுதான் நான் போயிருந்தேன்.

கோயில் தலைவர் வந்தார். "டீச்சர் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. இது அம்மன் பாட்டுதானே? அம்மாயா, அம்மாயான்னு பாடுறான். தமிழ்தான் லாரியில அடிபட்ட மாதிரி இருக்குலா."

என் பள்ளித்தோழிகளில் மலாக்காப் போர்த்துகீசியப் பெண்கள் உண்டு. கடன் வாங்கிய அழிரப்பரைத் திருப்பிக் கேட்டால் "அமியாங்" என்பார்கள். நாளைக்கு என்று பொருள். பிரேசிலிலும் போர்த்துகீசியம்தான், உச்சரிப்புதான் வேறு; இந்த "அமன்யா"வும் நாளைக்குத்தான் என்று சொன்னேன். அம்மன் பாட்டு இல்லை என்று ஆகிவிட்டால் மணியம் தட்டை விற்றுவிடுவார் என்ற கணக்கும் எனக்கு இருந்தது.

தலைவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "நாளைக்கா? மூணு வருஷமா இதுக்கா தேங்கா உடைச்சோம்? நிப்பாட்டுலா!"

மணியம் ஊசியைத் தூக்கினார். நான் விலை கேட்டேன்.

"விக்க மாட்டேன் டீச்சர். அந்தக் கித்தாருக்குத்தான் வாங்கினேன். அம்மன் பாட்டுன்னு சொன்னது தலைவருக்காகலா."

தலைவர் அவரை முறைத்தார். பிறகு, "சரி, பந்தி நேரத்துல போடு. எனக்கும் பழகிருச்சு" என்றார்.

வாழையிலை முன் உட்கார்ந்து தட்டின் இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டேன். ரசத்தை மறந்தேன். முப்பது வருடப் பழைய இசை இவ்வளவு புதிதாக இருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள்; கோயில் வெளியில் நிழல் இல்லை. திரும்ப வாடகைக் காரை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பதிவு செய்ய வெற்றுக் கேசட் எடுத்துப் போங்கள், எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் குழுவின் பெயர் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிவியுங்கள். எனக்கென்று ஒரு தட்டு வாங்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் எழுத்துக்கூட்டல் தப்பிவிடும். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.