ஒன்று விழிக்கையில் மற்றது தூக்கம்

என் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனி வள்ளம். பருத்தித்துறையிலிருந்து கடற்றொழிலுக்குப் போனால் ஓர் எல்லைக்கு அப்பால் போனில் சிக்னல் இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்ததை வைத்து அவர்களுக்கு இரண்டு சின்னப் பெட்டிகள் செய்துகொடுத்தேன். ஒரு மைலுக்குள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டால் கூவும்.

பற்றரி தாங்கவேண்டும் என்றால் பெட்டி தூங்கவேண்டும். இடைக்கிடை ஒரு நிமிடம் விழித்து, கூப்பிட்டு, காதுகொடுத்து, இடத்தையும் நேரத்தையும் பதிந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். அண்ணனுடையது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, தம்பியுடையது ஐந்துக்கு ஒருமுறை என்று வைத்தேன். அப்படியென்றால் எப்போது தொடங்கினாலும் கால் மணித்தியாலத்துக்குள் இரண்டும் சேர்ந்து விழித்தே ஆகும்.

தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. “அதென்ன, அண்ணைக்கு மூண்டு, எனக்கு அஞ்சு? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வையக்கா.”

மீன் துண்டு சிறிதாகிவிட்டது என்று மூன்று நாள் முகங்கொடுத்துக் கதைக்காதவன் அவன். சண்டைக்குப் பயந்து இரண்டையும் ஐந்தாக்கினேன். ஒன்றாக முடுக்கிவிட்டால் ஒன்றாகவே விழிக்கும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நேரம் பிசகினால் பிறகு ஒருநாளும் சந்திக்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

மார்கழி மழையில் அண்ணன் கரை திரும்பவில்லை. மறுநாள் பகல் முழுவதும் தம்பி மழைக்குள் தேடினான். நான்காம் நாள் வெறும் வள்ளம் கரையொதுங்கியது. எஞ்சின் பழுது. பெட்டி மட்டும் விழித்து விழித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு பெட்டிகளும் எங்கெங்கே விழித்தன என்ற பதிவை ஒரே படத்தில் போட்டுப் பார்த்தேன். கடலில் அண்ணன் பற்றரி மாற்றியிருக்கிறான். அதில் விழிக்கும் நேரம் இரண்டு நிமிடம் தள்ளிப்போயிருந்தது. தம்பி தேடிய அன்று நாற்பது நிமிடம் இருவரும் அரை மைலுக்குள் இருந்திருக்கிறார்கள். அந்த நாற்பது நிமிடமும் அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்ற நினைப்பு என்னை விடுவதில்லை.

தம்பி கேட்டான். “நான் அண்ணைக்குக் கிட்டப் போனனானோ?”

“இல்லை. நீ தேடினது வேறை பக்கம்.”

“மெய்யே?”

“ஓம்.”

அன்றுதான் அவன் வாய்விட்டு அழுதான். அழுது முடித்து என்னைத் தேற்றத் தொடங்கினான். இன்றைக்கும் வரும்போதெல்லாம் தேற்றுகிறான்.

“உன்ரை பெட்டியிலை ஒரு பிழையும் இல்லையக்கா.”

என் பிழையை ஒத்துக்கொள்ள வாய் வருகிறது. ஒத்துக்கொண்டால் அவன் கேட்டு மாற்றிய அந்த ஐந்துதான் பிழை என்பதையும் சொல்லவேண்டிவரும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.