கார்டுக்கு வைத்த பொட்டு

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் ஸ்டிக்கர் கடை. பைக் நம்பர், ஆட்டோக் கண்ணாடிக்குப் பிள்ளைகள் பெயர், எல்லாவற்றையும் ஒரு கட்டிங் மெஷின் வெட்டித் தள்ளும். அதை ஓட்டிய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து செத்தது.

ஆனையூர்ச் சித்தப்பா வேறொரு கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தார். அதில் மெஷினின் வயரைச் செருக இடமே இல்லை. செத்ததன் வயிற்றிலிருந்து, அந்த வயரைச் செருகும் பழைய சீரியல் கார்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார்.

"பத்திரம் மதினி. மெஷினுக்கு உசிரே இதுலதான் இருக்கு. நாளைக்கு வந்து மாட்டிவிடுறேன்."

அம்மா அதை அப்படியே நம்பினாள். கார்டு அன்றிரவு சாமி படத்துக்கு முன்னால் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரியப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். உதவுவதற்கு அல்ல. மெஷின் ஓடாவிட்டால் அப்பா கடையை மூடிவிட்டு, ஆரப்பாளையத்தில் பெரியப்பாவின் லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கப் போக வேண்டும். கம்ப்யூட்டர் புகைந்ததற்கே "எல்லாம் இவ வந்த நேரம்" என்று அம்மாவைச் சொன்ன மனிதர். அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டே எங்கள் கடை மூழ்கக் காத்திருந்தார். நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது.

சித்தப்பா கார்டைச் செருகினார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. கழற்றி அடுத்த இடத்தில் செருகினார். அதுவும் இல்லை. அப்பா வாசலைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என்னடா, கப்பலா கட்டுற? எம்புட்டு நேரம்?" என்றார் பெரியப்பா.

"புகுந்த வீடுண்ணே. ஒட்டக் கொஞ்சம் நேரமாகும்ல."

மறுபடி கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். செருகும் ஓரத்தில் இருந்த தங்கநிறப் பற்களில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் சிவப்பு. பீரோவுக்கும் கிரைண்டருக்கும் வைப்பதுபோல அம்மா மெஷினின் உசிருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். இருப்பதிலேயே பளபளப்பான இடமாகப் பார்த்து வைத்திருந்தாள்.

"சித்தப்பா, அது அம்மா..." என்று ஆரம்பித்தேன். என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

"பாப்பா, ஒன் ரப்பரக் குடு."

பெரியப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பற்களை அழுத்தித் தேய்த்தார். மறுபடி செருகினார். சற்று நேரத்தில் மெஷின் உறுமியது, கத்தி இங்கும் அங்கும் ஓடியது. அப்பா முதலில் வெட்டியது என் பெயரை.

சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "என்ன தம்பி கோளாறு?"

"தூசி மதினி. வேறென்ன? நீங்க ஒரு பொட்டு வைங்க. இந்தா, கம்ப்யூட்டர் டப்பாவுக்கு மேல, வெளியில வைங்க."

பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

எனக்கோ சித்தப்பா மேல்தான் கோபம். என் வாசனை ரப்பர் மஞ்சளாகிவிட்டது. பெரிய ஆள், வாய்கூசாமல் பொய் சொல்கிறார். அம்மா பொட்டு வைத்துவிட்டு, பல நாள் கழித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கால் வலித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பது எனக்கு அப்போது தெரியவில்லை.