வரி எலுமிச்சை

சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பவள் அவள். நாள் முழுக்க அதே தையல்; வீடு திரும்பும்போது இடுப்பு தனியாகக் கழன்று வந்துவிடும் போலிருக்கும். அப்படியிருந்தும் செருப்பைக் கழற்றியதும் நேரே மொட்டை மாடிக்குத்தான் ஏறுவாள். மற்றதெல்லாம் பிறகு.

மாடித் தொட்டியில் ஓர் எலுமிச்சை. விதை போட்டு வந்த சாதாரண மரம்தான். அதில் ஒரே ஒரு கிளை மட்டும் ஒருநாள் தன்னிஷ்டத்துக்கு வெள்ளைத் தீற்றலோடு இலை விட்டது. காயிலும் பச்சையும் வெள்ளையுமாகக் கோடு. யாரும் விற்காத ஒன்று தன் வீட்டில் தானாக வந்திருக்கிறது என்று அவளுக்கு அப்படியொரு கர்வம். கர்வப்பட வாழ்க்கையில் வேறென்ன கொட்டிக் கிடந்தது?

இப்போது மரத்தின் அடித்தண்டு அழுகிவிட்டது. அந்தக் கிளையில் இலைக்காம்படியில் இருக்கும் மொட்டு ஒன்றை வேறு கன்றில் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைக்காவிட்டால் கதை முடிந்தது. கட்டாமலும் இல்லை. கன்றின் பட்டையைக் கீறி, மொட்டைச் செருகி, டேப் சுற்றிக் கட்டியதெல்லாம் ஒட்டிக்கொண்டன, பால்வெள்ளையாய்த் துளிர்த்தன, வெயில் ஏறியதும் கருகிச் செத்தன. அழகாயிருக்கிறதென்று ஒவ்வொரு முறையும் வெள்ளை வெளேரென்ற இலையின் மொட்டாகவே பொறுக்கியிருக்கிறாள். பச்சை இல்லாத இலைக்குத் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏற இத்தனை கன்றுகள் வீணாயின.

"அழகைப் பாத்தே கெட்டேன்" என்றாள் புருஷனிடம்.

லாரி ஓட்டி முதுகு போய் வீட்டோடு கிடப்பவன் அவன். "என்னைக் கட்டிக்கிட்டதையா சொல்றே?" என்றான். சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கிளையில் மிச்சமிருந்தது ஒரு மொட்டு. ஓரத்தில் நூல் கனத்துக்கு வெள்ளை ஓடிய, பார்க்கச் சகிக்காத இலையின் மொட்டு. வேறு வழியில்லாமல் அதையே வைத்துக் கட்டினாள். அது துளிர்ப்பதற்குள் தாய்மரம் விறகாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தால் துளிர். இரண்டு இலை; இரண்டிலும் வரி. பக்கத்திலேயே கொழுகொழுவென்று முழுப்பச்சையாய் இன்னொரு துளிர்.

"என்னாச்சு?" கீழேயிருந்து அவன் குரல் கொடுத்தான்.

"பொழைச்சிருச்சு. பச்சையும் கூடவே வருது. விட்டா அது வரியை அமுக்கிடும். இனிமே ஆயுசுக்கும் கிள்ளிக்கிட்டே கெடக்கணும்!"

சமைக்க, துவைக்க, காலர் வைக்க, இவன் முதுகுக்குத் தைலம் தேய்க்க, இப்போது இதுவும். ஆசைப்பட்டது கிடைக்கும்போதும் இன்னொரு வேலையாகத்தான் கிடைக்க வேண்டுமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

படியில் மூச்சு வாங்கும் சத்தம். சுவரைப் பிடித்துப் பிடித்து அவன் ஏறி வந்தான். முதுகு போனதிலிருந்து அவன் மாடிப் பக்கமே வந்ததில்லை.

"எதைக் கிள்ளணும்?"

காட்டினாள். கிள்ளினான். "இனிமே இது என் வேலை. நீ போய்ப் படு."

கல்யாணமானதிலிருந்து அவள் கையிலிருந்து ஒரு வேலையையும் யாரும் வாங்கிக்கொண்டதில்லை. கொடுத்துப் பழக்கமில்லாமல், "பாத்து, வரியைக் கிள்ளிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.