அவன் கையில் இருந்த ராஜா

எதையும் நேரத்துக்குச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. முன்னாலேயே செய்துவிடுவேன். எட்டரை மணி ஷிஃப்டுக்கு ஏழேகாலுக்கே கம்பெனி கேட்டில் நிற்பேன். ஆர்டர் உறுதியாகும் முன்பே கட்டிங் டேபிளில் துணியை விரித்து அடுக்கிவிட்டு மேனேஜரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எல்லாம், எங்கே தவறிப்போகுமோ என்கிற பயம்தான். அந்தப் பயத்தோடு பொறாமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் காட்டினேன்.

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். பனியன் கம்பெனி முதலாளிகள் சிலர் சேர்ந்து இரண்டு கிராண்ட்மாஸ்டர்களை வரவழைத்து செஸ் ஆடவிட்டார்கள். இரண்டு பேரும் உலகம் முழுக்கப் போய் ஆடுகிறவர்கள். ஒருவர் கல்கத்தாக்காரர். இன்னொருவன் எங்கள் ஊர்.

'இன்னொருவன்' என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஒன்பதாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனை வேறு எப்படி எழுதுவது? மாவட்டப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான் போனோம். கடைசி ஆட்டத்தில் நான் அவனை ஜெயித்தேன். அந்த வருஷமே அப்பா இடுப்பு ஒடிந்து படுத்துவிட, நான் படிப்பை விட்டுவிட்டு, தைத்து விழும் பனியன்களை மடித்து அடுக்கும் கைமடி வேலைக்குப் போனேன். அவனை அவன் அப்பா சென்னையில் ஒரு கோச்சிடம் கொண்டுபோய் விட்டார். அதற்கப்புறம் அவன் போட்டோ பேப்பரில் வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, ஜெயித்தானா, தோற்றானா என்பதைத்தான். தோற்றிருந்தால் அன்றைக்கு டீ நன்றாக இருக்கும்.

அன்று ஆட்டத்தைப் பெரிய திரையில் காட்டுவதாக ஏற்பாடு. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிவிட்டது. யாரோ ஓடிப்போய், காய்களைக் கொக்கியில் மாட்டிக் காட்டும் ஒரு பழைய செஸ் போர்டைக் கொண்டுவந்து மேடையோரம் நிறுத்தினார்கள். ஆள் உயரம் இருக்கும். மேடையில் காய் நகர நகர, ஒருவர் நின்று இதிலும் எடுத்து மாட்ட வேண்டும். எங்கள் முதலாளியும் விழா நடத்துகிறவர்களில் ஒருவர். கூட்டத்தில் தன் கட்டிங் மாஸ்டரான என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், உங்களுக்குத்தான் செஸ் தெரியுமே. போயி நின்னு மாட்டி விடுங்க."

"எனக்குக் கை நடுங்குமுங்க சார்."

"துணி வெட்டறப்ப நடுங்காத கை இதுக்கா நடுங்குது? போங்க கண்ணு."

எனக்கு நாற்பது வயதாகிறது. கண்ணு போய் நின்றது.

அவனுக்கும் எனக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. யோசிக்கும்போது இடது காது மடலைப் பிடித்துக்கொண்டான். அது என்னுடைய பழக்கம்; என்னைப் பார்த்துத்தான் அவனுக்கு வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவன் ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும், இது தப்பாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் எடுத்து மாட்டினேன். ஒன்றுகூடத் தப்பாக இல்லை.

நாலு மணி நேரம் போயிற்று. மந்திரி, யானை, குதிரை எல்லாம் ஒழிந்து, இரண்டு பக்கமும் ராஜாவும் சில சிப்பாய்களும் மட்டும் மிச்சம். மண்டபத்தில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கடிகாரத்தில் ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. கல்கத்தாக்காரரின் சிப்பாய் ஒன்று அவன் ராஜாவுக்குப் பக்கத்தில் தனியாக, வெட்டு என்பதுபோல நின்றது. முன்வரிசையில் இருந்த உள்ளூர் கோச் ஒருவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் முணுமுணுத்தார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அந்தச் சிப்பாயை வெட்டுனா செத்தாருங்க. ராஜா பின்னாடி வரோணும். அப்பத்தான் ட்ரா."

அவன் ராஜாவைக் கையில் எடுத்தான். கை சிப்பாயின் பக்கமாகப் போயிற்று. அந்தரத்தில் நின்றது.

வெட்டுடா, வெட்டுடா என்று எனக்குள் ஓடியது. அடுத்த கணம் பார்த்தால் என் போர்டில் சிப்பாயைக் காணோம். அது இருந்த கட்டத்தில் ராஜாவை மாட்டியிருந்தேன்.

"அய்யய்யோ!" என்றது மண்டபம்.

அவன் கை அசையவில்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ஆனால் கீழே வைக்கும்வரை எந்தக் கட்டம் என்பது அவன் இஷ்டம். ராஜாவை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து வைத்தான்.

நடுவர் என்னிடம் வந்தார். "என்ன பண்றீங்க நீங்க?"

"தப்பாயிடுச்சுங்க." ராஜாவைப் பின்னால் மாற்றி, சிப்பாயைத் திரும்ப மாட்டினேன்.

கல்கத்தாக்காரர் என்னையும் போர்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். இன்னும் ஏழெட்டு நகர்த்தல். பிறகு இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். ட்ரா. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. போலீசில் பிடித்துக் கொடுப்பார்களோ என்றுகூட நினைத்தேன்.

கூட்டம் சாப்பாட்டுக்கு இறங்கியதும் அவன் என்னிடம் வந்தான்.

"நல்லாருக்கீங்களா?"

'டேய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். "இருக்கேனுங்க" என்றேன்.

"வந்ததுமே அடையாளம் தெரிஞ்சுதுங்க. ஆட்டத்துக்கு முன்னாடி பேசக் கூடாதுன்னு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "அந்த ராஜாவை முன்னாடியே வெச்சுக் காட்டுனீங்களே. கூட்டம் கத்துனது, அங்க வெக்காதேன்னு எனக்குச் சைகை காட்டுன மாதிரி ஆயிடுச்சு. என்னைக் காப்பாத்தத்தானுங்க செஞ்சீங்க? புரியுது. பழைய சிநேகிதம். ஆனா அப்படித் தப்பிக்கறது எனக்கு அசிங்கமுங்க. தோத்ததா எழுதிக்கங்கன்னு அவருகிட்டயும் நடுவர்கிட்டயும் சொல்லப் போறேன்."

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அவன் தோற்றிருப்பான். இத்தனை வருஷமாக நான் கேட்டது அதைத்தானே? ஆனால் நான் அவனுக்கு உதவி செய்தேன், நான் அவனுடைய நல்ல சிநேகிதன் என்று அவன் நம்பிக்கொண்டு போவதை என்னால் தாங்க முடியவில்லை. தோல்வியிலும் எனக்குப் பெருந்தன்மை காட்டிவிட்டுப் போகப் பார்க்கிறானே.

"காப்பாத்த இல்லீங்க," என்றேன். "நீங்க தோக்கோணும்னு ஆசை. அங்கதான் வெப்பீங்கன்னு அவசரப்பட்டு வெச்சுட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். காது சிவந்தது. பிறகு சிரித்துவிட்டான்.

"அப்பச் செரிங்க, அது உதவியே இல்லீங்க. நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

நேராகக் கல்கத்தாக்காரரிடமும் நடுவரிடமும் போய் ஏதோ சொன்னான். கல்கத்தாக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தொடையில் தட்டிச் சிரித்தார். நடுவருக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் தலையாட்டினார். ட்ரா ட்ராவாகவே நின்றது. அவன் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு கல்கத்தாக்காரர் சாப்பிடப் போனார்.

நான் போர்டில் இருந்த காய்களைக் கழற்ற ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, அவன் ராஜாவைக் கையில் எடுத்தபோது இருந்த நிலையைத் திரும்ப மாட்டினேன். சிப்பாயை வெட்டினால் ஏன் சாவு? எப்படி நகர்த்திப் பார்த்தாலும் எனக்கு வெள்ளையும் கறுப்பும் குழம்பின. கோச் சொல்லியிருக்காவிட்டால் நானும் வெட்டத்தான் செய்திருப்பேன். நாற்காலி மடக்க வந்த வடக்கத்தி ஆட்கள், "அண்ணா, சைடு, சைடு" என்று என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஐந்தாவது நகர்த்தலில் எதிரியின் இன்னொரு சிப்பாய் கடைசி வரிசைக்கு ஓடி மந்திரியாகிவிடுவது தெரிந்தது.

ராஜாவைக் கையில் வைத்திருந்த அந்த விநாடிகளில் அவன் இதைப் பார்த்திருப்பான். மண்டபம் சத்தம் போடாமல் இருந்திருந்தாலும் பின்னால்தான் வைத்திருப்பான். அது தோன்றியதும் என் வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது.