ஒன்பது மூடிகளும் என் தங்கையும்

எங்கள் தெருவில் என் தங்கையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மைக் வந்தாச்சு" என்பார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் பத்து நாள் அவள் தோளில் நீலப் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வாள். வார்டு முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தது நான். மீட்டர் புத்தகத்துக்கு ஓர் அறை, டார்ச்சுக்கு ஓர் அறை, மீட்டர் கண்ணாடியைத் துடைக்கும் துணிக்கு ஓர் அறை. பதினோரு வருடத்தில் மூன்று பை தைத்திருக்கிறேன். ஒன்றில்கூடத் தையல் பிரிந்ததில்லை.

எண்ணைக் குறிக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். மீதி நான்கு நிமிடம் நகராட்சிக்கு.

"குப்பை வண்டிக்குப் புது பெயின்ட் அடிச்சிருக்காங்க பாத்தீங்களா? குப்பைதான் பழசு. அது போன மாசத்துலேர்ந்து அங்கேயே இருக்கு."

"தெரு விளக்கு எரியுதான்னு கேட்டேன். எரியுதுங்கறாங்க. பகல்ல எரியுது, நானும் பாத்தேன்."

இப்படி ஒவ்வொரு வாசலிலும். கேட்டவர்கள் சிரிப்பார்கள், பிறகு அடுத்த வாசலில் என்ன சொன்னாள் என்று விசாரிப்பார்கள். எங்கள் அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்காது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொன்னவன் இவளைப் பாத்ததில்லை" என்பாள்.

இது சின்ன வயதிலிருந்தே உள்ள வழக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்று தையலுக்குப் போய்விட்டேன். அவள் பன்னிரண்டு வரை படித்தாள். அவள் ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கு அதிகாரி ஒருவர் வந்தார். நூலக அலமாரி நிறையப் புத்தகம் இருப்பதைப் பார்த்து அவர் மெச்சியபோது, இவள் எழுந்து நின்று, "சார், இதெல்லாம் இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு, சாயங்காலம் போயிடும்" என்று சொல்லிவிட்டாள். தலைமை ஆசிரியை எங்கள் வீட்டுக்கே வந்து கத்தினார். ஆனால் அந்தப் புத்தகங்கள் திரும்பிப் போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஊரார் வைத்த பெயர் 'செஞ்சிடலாம்'. எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். சாக்கடை அடைப்பா, செஞ்சிடலாம். சாலை பள்ளமா, செஞ்சிடலாம். பத்து வருடம் செஞ்சிடலாம் என்றே ஓட்டியவர், தேர்தலுக்கு நான்கு மாதம் இருக்கும்போது உண்மையிலேயே ஒன்றைச் செய்தார். எங்கள் தெருவுக்குப் புதிய தண்ணீர்க் குழாய். பழைய குழாய் துருப்பிடித்து, காலையில் வரும் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அதனால் எல்லோருக்கும் சந்தோஷம்.

முழங்கால் ஆழத்துக்குத் தெருவைத் தோண்டினார்கள். மூன்றே நாளில் மூடினார்கள். அப்புறம் தெருவின் நடுவே வரிசையாக ஒன்பது இரும்பு மூடிகள் வந்தன. அந்த மூடிக்கு அடியில்தான் வால்வு இருக்கும், அதைத் திருகித் தண்ணீரை நிறுத்தலாம், திறக்கலாம். தெரு முனையில் பெரிய பலகை வைத்தார்கள். 'புதிய குழாய்த் திட்டம் நிறைவு. எல்லா வீட்டு இணைப்புகளும் புதிய குழாய்க்கு மாற்றப்பட்டன.' கீழே கவுன்சிலர் கை கூப்பிச் சிரித்தார்.

தண்ணீர் மட்டும் டீ நிறத்திலேயே வந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது தங்கை கேட்டாள். "அக்கா, உன் டேப்பைக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா?"

"எதுக்குடி?"

"மூடிக்கும் மூடிக்கும் எவ்வளவு தூரம்னு பாக்கணும்."

என் தையல் டேப் ஒன்றரை மீட்டர். அதை வைத்து நானும் அவளும் தெருவை அளந்தோம். நான் எதையும் ஒருமுறை அளந்து விடுபவள் அல்ல, திரும்பி வரும்போது மறுபடி அளந்தேன். ஒவ்வொரு மூடிக்கும் இடையே சரியாக முப்பது மீட்டர். சட்டைக்குப் பொத்தான் வைத்த மாதிரி.

"வால்வை எங்க வைப்பாங்க தெரியுமா?" என்றாள். "குழாய் பிரியற இடத்துல வைப்பாங்க. சந்து முனையில, தொட்டி பக்கத்துல. இவங்க அழகுக்கு வச்சிருக்காங்க. குழாய் தெரிஞ்சவன் வச்ச மூடி இல்ல இது."

அடுத்த நாள் முதல் நானூற்றுப் பன்னிரண்டு வாசலிலும் இதே பேச்சு. "மூடி இருக்கு, குழாய் இல்ல. தூக்கிப் பாருங்க, உள்ளே வெறும் மண்ணுதான்."

ஆறாவது நாள் நகராட்சியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அவதூறு பரப்பியதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் வேலையிலிருந்து நீக்கப்படுவாள். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரம் செய்யும் உத்தரவு அந்த மாதம்தான் கையெழுத்துக்குப் போயிருந்தது. அம்மா கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. உன் வாய் ஒரு மாசம் சும்மா இருந்தா ஊர் ஒண்ணும் முழுகிடாது."

"ஒரு மாசம் சும்மா இருந்தா தேர்தல் முடிஞ்சிடும்மா" என்றாள் தங்கை. விளக்கம் என்று அவள் எழுதியது ஒரே வரி. 'ஏதாவது ஒரு மூடியைத் தெருவார் முன்னால் திறந்து காட்டவும்.' கையெழுத்து கோணலாக இருந்ததால் நான் இரண்டாம் தடவை எழுத வைத்தேன்.

கவுன்சிலர் ஒப்புக்கொண்டார். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவரே வந்தார். கூடவே இன்ஜினியர், போட்டோ எடுக்க ஒருவர், வால்வு திறக்கும் நீளமான சாவியோடு சாவிக்காரர். அவர் தண்ணீர்த் தொட்டியில் இருபது வருடமாக வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். தெருவே கூடிவிட்டது. கவுன்சிலர் நேராக எங்கள் வீட்டுக்கு எதிரில் இருந்த மூடிக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, இதைத் திறந்தா போதுமா? இல்ல, பாதாளம் வரைக்கும் தோண்டணுமா?"

"இது போதும் சார்."

சாவிக்காரர் மூடியை நெம்பினார். உள்ளே மண் இல்லை. பளபளவென்று நீல பெயின்ட் அடித்த புத்தம் புதிய வால்வு உட்கார்ந்திருந்தது.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. நேற்றுவரை அவள் சொன்னதற்குச் சிரித்தவர்கள், இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "மைக் அவுட்டு" என்று யாரோ கத்தினார். கவுன்சிலர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார்.

"படிச்ச பொண்ணு. வதந்தி பரப்பலாமா? கையெழுத்துப் போடும்மா."

தங்கை முகத்தைப் பார்த்தேன். வெளிறித்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவளும் பயந்துவிட்டாள். குனிந்து அந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காகிதத்தை வாங்கி, பையில் துணி வைக்கும் அறையில் செருகினாள்.

"போடறேன் சார். உள்ள மண்ணுன்னு சொன்னது என் தப்பு. வால்வு இருக்கு. ஒரே ஒரு தடவை அதை மூடிக் காட்டுங்க. தண்ணி நின்னதும் கையெழுத்து."

கவுன்சிலருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மூடுய்யா, நல்லா இறுக்கி மூடு! எல்லாரும் வீட்டுல குழாயைத் திறந்து விடுங்க!"

சாவிக்காரர் திருகினார். பன்னிரண்டு சுற்று, நான் எண்ணினேன். எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்துவிட்டார்கள். வாசலில் குழாய் இருந்தவர்கள் வாளியை அடியில் வைத்துக் காத்திருந்தார்கள். தண்ணீர் ஓடியது. ஐந்து நிமிடம் ஆனது, ஓடியது.

"குழாய்க்குள்ள மிச்சம் இருக்கும்ல, அது வடியணும்" என்றார் இன்ஜினியர்.

பதினைந்து நிமிடம் ஆனது. என் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். எதிர்வீட்டு வாளி நிரம்பி வழிந்து கவுன்சிலர் செருப்பை நனைத்தது.

"மிச்சம் நிறைய இருக்கும் போலிருக்கே சார்!" என்றார் எதிர்வீட்டுக்காரர். இந்தத் தடவை கூட்டம் வேறு மாதிரி சிரித்தது.

இன்ஜினியர் நெற்றியைத் துடைத்தார். "வீட்டு இணைப்பெல்லாம் இன்னும் பழைய குழாயிலதான் இருக்கு. அதனால..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஏனென்றால் தங்கை தெரு முனைப் பலகையைக் கையால் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் படித்தார்கள். எழுத்து பெரிது, தூரத்திலிருந்தே தெரியும்.

அவள் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். மண்டியிட்டு இரண்டு கையையும் குழிக்குள் விட்டு வால்வைப் பிடித்து ஆட்டினாள். அது ஆடியது. குழாயோடு இணைத்த வால்வு ஆடாது. "அண்ணா, கொஞ்சம் பிடிங்க" என்றாள். சாவிக்காரர் கவுன்சிலரைப் பார்த்தார், இன்ஜினியரைப் பார்த்தார், பிறகு சாவியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க, மழைக்குப் பின் முள்ளங்கி பிடுங்கியது போல் வால்வு மேலே வந்தது. இரண்டு பக்கமும் எதனோடும் ஒட்டாமல், வெறும் வாய்.

"திறந்து விடுங்க அண்ணா" என்றாள்.

சாவிக்காரர் அதைத் தரையில் வைத்துப் பன்னிரண்டு சுற்றும் திரும்பத் திருகினார். தங்கை குனிந்து ஒரு பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"நல்லா வேலை செய்யுது. அந்தப் பக்கம் சாரோட செருப்பு தெரியுது."

அன்று எழுந்த சிரிப்பைப் போல் ஒன்றை நான் கேட்டதில்லை. நல்லது கெட்டது எதற்கும் வாய் திறக்காத சாவிக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார். கவுன்சிலர் எப்போது காரில் ஏறினார் என்று யாரும் கவனிக்கவில்லை. கேமராக்காரர் மட்டும் போகாமல் நின்று, காசு கொடுத்து வரச்சொன்னவர் போன பிறகும் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்.

அதே நாளில் மீதி எட்டு மூடிகளையும் தெருவார் திறந்தார்கள். மொத்தம் ஒன்பதில் நான்கில் வால்வு, ஐந்தில் மண். அதாவது தங்கை சொன்னது ஐந்தில் சரி, நான்கில் தப்பு. அடுத்த மாதம் மீட்டர் பார்க்கப் போனபோது அவளே எல்லா வாசலிலும் திருத்திச் சொன்னாள். "எல்லாத்துலயும் மண்ணுன்னு சொன்னேன், தப்பு. நாலுல மண்ணுக்கு மேல இரும்பும் இருந்துச்சு." பொய் சொன்னவர்கள் ஒருவரும் எந்த வாசலுக்கும் வந்து திருத்தவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஊர் அரசியலில் நல்லவர் கெட்டவரைப் பிரிக்க அது ஒன்றே போதும்.

தேர்தலில் எங்கள் வாக்குச்சாவடியில் 'செஞ்சிடலாம்' வாங்கியது முப்பத்தொரு வாக்கு. ஜெயித்தவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. அடுத்த தடவை நீயே நில் என்று தெருவில் பலர் தங்கையிடம் சொன்னார்கள். "நானும் உள்ள போயிட்டா வாசல்ல நின்னு திட்டறதுக்கு ஆள்?" என்றாள். புதுக் கவுன்சிலர் பதவியேற்ற இரண்டாம் வாரமே அவரைப் பற்றியும் ஆரம்பித்துவிட்டாள். "சில்லறை இல்லைன்னு சொல்லியே பழகின அம்மா. நகராட்சியிலயும் அதையே சொல்றாங்க." அந்த அம்மா இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தாராம். சிரித்ததோடு நிற்காமல் விசாரணைக்கும் உத்தரவு வாங்கி, பழைய வேலையை எடுத்த கான்ட்ராக்டரையே சொந்தச் செலவில் குழாய் பதிக்க வைத்தார்.

இந்தத் தடவை இடுப்பளவு ஆழம். நாங்கள் அளந்தோம். மூடிகள் நான்குதான். எல்லாம் சந்து முனையில்.

புதுக் குழாயைச் சோதிக்கும் நாளன்று தங்கைக்கு இரண்டு வேலை. காலையில் நகராட்சிக்குப் போய் நிரந்தர உத்தரவை வாங்கி வந்தாள். அம்மா அதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல வாயை மூடணும்னு எங்கயாவது போட்டிருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டாள். பிற்பகல் சாவிக்காரர் நீளச் சாவியைத் தங்கையிடம் நீட்டி, "நீயே மூடும்மா" என்றார்.

என்னைச் சமையலறையில் நிற்கச் சொல்லியிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கண்ணாடி போலத் தண்ணீர் கொட்டியது. ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. "மூடறேன் அக்கா! பாத்துக்கோ!"

கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் நிமிடம் அதே வேகம். இரண்டாம் நிமிடம் ஓட்டம் மெலிந்து விரல் அளவானது. பிறகு நூல். பிறகு சொட்டு.

அப்புறம் ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது, குழாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நான் ஜன்னலுக்கு ஓடி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"நின்னுடுச்சுடி!"

எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் கைத்தட்டல் கேட்டது.